எண்ணிவிட்டு ஏறுங்கள்

2014 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை மாலை. அந்தமானில் ராஸ் தீவுக்கும் நார்த் பே கடற்கரைக்கும் இடையில் ‘அக்வா மரீன்’ என்ற சுற்றுலாப் படகு மூழ்கியது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து குழுவாகச் சுற்றுலா போனவர்கள். அன்று புயல் இல்லை, சுனாமி இல்லை. கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். படகுக்கு அனுமதி 25 பேருக்கு. அதில் இருந்தவர்களோ நாற்பதுக்கும் மேல்.

இந்த இரண்டு எண்களும் படகு கிளம்புவதற்கு முன்பே அந்தத் துறையில் இருந்தன. ஒன்று காகிதத்தில் இருந்தது, மற்றொன்று இருக்கைகளில் உட்கார்ந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. கடல் விபத்து என்றதும் ராட்சத அலையும் இடி மின்னலும்தான் நம் நினைவுக்கு வரும். சுற்றுலாப் படகுகளைப் பொறுத்தவரை நான் படித்த விபத்துகளில் பாதிக்கு மேல் கூட்டல் கணக்கில் முடிகிறவை.

இப்போது நம்மூர்க் குடும்பங்கள் அந்தமானுக்குப் போவது, ஒரு காலத்தில் கொடைக்கானல் போனதுபோல ஆகிவிட்டது. எல்லோருடனும் கப்பலில் போவதைவிட, ஒரு படகை முழுசாக வாடகைக்குப் பிடித்து இரண்டு மூன்று தீவுகளைப் பார்த்துவிட்டு வருவோம் என்கிற ஆசையும் கூடியிருக்கிறது. நியாயமான ஆசைதான். ஆனால் காரை வாடகைக்கு எடுக்கும்போது டயரை ஒரு உதை உதைத்துப் பார்க்கிற நாம், படகு என்று வந்ததும் வாயடைத்துப் போகிறோம். கடலைப் பற்றி நமக்கென்ன தெரியும் என்ற கூச்சம்.

அந்தக் கூச்சம் எனக்கும் இருந்தது. ஹேவ்லாக்கில் ஏழு பேர் கொண்ட எங்கள் குடும்பம் ஒரு ஃபைபர் படகை முழுசாகப் பேசி முன்பணமும் கொடுத்திருந்தது. காலையில் துறைக்குப் போனால், அறிமுகமில்லாத நான்கு பேர் அதே படகில் ஏறத் தயாராக நிற்கிறார்கள். “நம்ம ஃபிரெண்ட்ஸ்தான் சார், கொஞ்சம் நகந்து உக்காந்தா போதும்” என்றார் படகுக்காரர், நல்ல தமிழில். விடுமுறைக்கு வந்த இடத்தில் எதற்கு வம்பு என்று நான் நகரத் தொடங்கிவிட்டேன். என் சித்திதான், படகின் பக்கவாட்டில் மங்கலாக எழுதியிருந்த எண்ணைப் படித்துவிட்டு, “தம்பி, இதுல எட்டுப் பேர்னு நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க. நாங்க மொத்தப் படகுக்கும் காசு கொடுத்திருக்கோம். அவங்களுக்கு வேற படகு பாருப்பா” என்றார். அரை மணி நேரம் தாமதம், கொஞ்சம் முகக்கோணல், அவ்வளவுதான். நான்கு பேரும் வேறு படகில் போனார்கள். சித்தி ரேஷன் கடை வரிசையில் பழகிய குரலில்தான் பேசினார். அது கடலிலும் செல்லுபடியாகிறது.

படகை முழுசாகப் பேசுகிறோம் என்றால் அதற்கு என்ன பொருள் என்பதை முதலில் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பெரிய ஒப்பந்தப் பத்திரமெல்லாம் தேவையில்லை. ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும்: படகின் பெயர் அல்லது பதிவு எண், எத்தனை பேருக்கு அனுமதி, வேறு ஆட்களை ஏற்றக் கூடாது, எந்தெந்த இடங்கள், எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்புவது, டீசல் செலவு யாருடையது, பயணம் ரத்தானால் பணம் என்னாகும். “ஓகே சார்” என்று பதில் வந்தால் அது உங்கள் ஆவணம். ஹோட்டல் வரவேற்பறையில் இருப்பவர் “நான் பாத்துக்குறேன்” என்று சொல்லிப் பணம் வாங்கினால், யார் பெயருக்குப் பணம் போகிறது என்று பாருங்கள். ஜிபேயில் வரும் பெயரும் படகின் உரிமையாளர் பெயரும் ஏஜென்சியின் பெயரும் மூன்றாக இருந்தால், பின்னால் பிரச்சினை வரும்போது மூவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். ரசீதில் இடப்பெயர்கள் மாறியிருந்தால் குழம்ப வேண்டாம். ராஸ் தீவு இப்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு, ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப், நீல் ஷஹீத் த்வீப். போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்.

அடுத்தது படகு. சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் படகுக்குத் துறைமுக அதிகாரிகளின் பதிவும் தகுதிச் சான்றும் வேண்டும். ஓட்டுகிற ஸ்ராங்குக்கும் உரிமம் வேண்டும். காகிதத்தைக் காட்டச் சொல்வது அவமரியாதை இல்லை. ஒழுங்காகத் தொழில் செய்கிறவர் சந்தோஷமாகக் காட்டுவார். சான்றில்லாத போட்டிக்காரன்தான் அவருடைய பிழைப்பையும் கெடுக்கிறான்.

2023 மே 7 அன்று கேரளத்தில் தானூரில் கவிழ்ந்து 22 பேரைக் கொன்ற படகு, மீன்பிடிப் படகாக இருந்து மாடி கட்டிச் சுற்றுலாப் படகாக மாற்றப்பட்டது. அன்றும் அளவுக்கு மீறிய கூட்டம். அன்றும் சூரியன் மறைந்த பிறகுதான் சவாரி. மீன்பிடிப் படகு மோசமான படகு என்று சொல்லவில்லை. கடலில் அதைவிட உறுதியானது கிடையாது. ஆனால் அதன் பாரம் அடியில் இருக்கிறது. பனிக்கட்டியும் மீனும் வலையும் கீழே கிடக்கும். அதே படகில் மேலே ஒரு தளம் கட்டி, அங்கே மனிதர்களை நிறுத்தினால் எடை மேலே போய்விடுகிறது. தலை கனத்த பொம்மை லேசாகத் தட்டினாலே விழுவதுபோல, ஒரு திருப்பத்தில் படகு சாய்ந்துவிடும்.

தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று நடந்ததும் இதுதான். ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு. கரையில் விலங்குகளைப் பார்த்ததும் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டார்கள், படகு கவிழ்ந்தது. இறந்தவர்கள் 45 பேர், தமிழ்நாட்டுக்காரர்களும் அதில் பலர். அது கேரள அரசின் சுற்றுலாக் கழகம் வாங்கி ஓட்டிய புதுப் படகு. அரசுப் படகு என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம் என்பவர்கள் அந்தச் சம்பவத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும். டால்பின் தெரிகிறது, ஆமை தெரிகிறது என்று யாராவது கத்தினால் எல்லோரும் ஒரு பக்கம் ஓடக் கூடாது. இருந்த இடத்திலேயே இருந்து எட்டிப் பாருங்கள். போட்டோ கொஞ்சம் மோசமாகத்தான் வரும்.

உயிர்காப்பு உடுப்பு, அதாவது லைஃப் ஜாக்கெட். படகில் இருக்கிறதா என்று கேட்பது பாதிக் கேள்வி. ஆளுக்கொன்று இருக்கிறதா, பிள்ளைகளுக்கு அவர்கள் அளவில் இருக்கிறதா, எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது மீதி. பல படகுகளில் அது இருக்கைக்கு அடியில் கயிற்றால் கட்டி, மேலே சாப்பாட்டுக் கூடை வைத்து, அருங்காட்சியகப் பொருளாகக் கிடக்கும். கவிழ்ந்த படகில் அதைத் தேடிப் பிடித்து மாட்டிக்கொள்ள நேரம் இருக்காது. கரையிலேயே மாட்டி, எல்லா வார்களையும் இறுக்கிவிட்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். தலை வழியாகக் கழன்று வந்தால் தண்ணீரிலும் கழன்றுதான் வரும். பெரியவர்களுக்கான உடுப்பைக் குழந்தைக்குப் போட்டால் நடப்பது அதுதான். பவளப் பாறை பார்க்கக் கொடுக்கும் மெல்லிய மிதவை உடுப்பு வேறு, இது வேறு. இன்னொன்று: மூடிய கேபின் உள்ள படகில் காற்றடைக்கும் வகை உடுப்பு கொடுத்தால், உள்ளே இருக்கும்போது அதில் காற்றை நிரப்பக் கூடாது. தண்ணீர் புகுந்தால் அது உங்களைக் கூரையோடு அழுத்திவிடும். வெளியே வந்த பிறகுதான் நிரப்ப வேண்டும்.

ஸ்பீடு போட்டில் முன் இருக்கைக்குப் பிள்ளைகளும் புதுமணத் தம்பதிகளும் போட்டி போடுவார்கள். மீனவர்கள் அணியம் என்று சொல்லும் அந்த முன்முனைதான் அலையில் எழும்பி எழும்பிப் பொத்தென்று விழும். அந்த அடியில் முதுகெலும்பு நசுங்கி முறிந்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். எலும்புத் தேய்மானம் உள்ள அம்மா அப்பாவையும் கர்ப்பிணிகளையும் அங்கே உட்கார வைக்கவே கூடாது. பின்பக்கம்தான் நல்லது. வேகத்தைக் குறைக்கச் சொல்வதும் வாடகை கொடுத்தவரின் உரிமை. தண்ணீரில் இறங்கும்போதும் திரும்ப ஏறும்போதும் எஞ்சின் முழுக்க அணைந்திருக்க வேண்டும். நியூட்ரலில் இருக்கிறது என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். தவறிக் கை பட்டால் கியர் விழுந்துவிடும், பின்னால் சுழல்வது இரும்பு இதழ்.

அந்தமானில் நம் ஆட்கள் மறந்துபோகிற ஒரு விஷயம் சூரியன். கடிகாரம் சென்னை நேரம்தான் காட்டும், ஆனால் தீவுகள் வெகு கிழக்கே இருப்பதால் டிசம்பரில் மாலை ஐந்து மணிவாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். நம்மூரில் ஐந்து மணி என்றால் இரண்டாவது காபிக்கான நேரம். அங்கே அது கரைக்குத் திரும்பியிருக்க வேண்டிய நேரம். நான்கு மணிக்கு மேல் ‘இன்னும் ஒரு தீவு’ என்று யார் ஆசை காட்டினாலும், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வானிலையைப் பற்றி நமக்குத் தெரியாது என்று சொல்லவே முடியாது. ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்ற வரியையும் புயல் எச்சரிக்கைக் கூண்டையும் செய்தியில் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். பிறந்ததிலிருந்து கடலில் கிடப்பவனையே போகாதே என்று சொல்கிற நாளில், முதல் முறையாகப் படகேறுகிற நாம் போகலாமா? தாய்லாந்தில் பூக்கெட் அருகே 2018 ஜூலை 5 அன்று, வானிலை எச்சரிக்கை இருந்தும் கிளம்பிய ‘ஃபீனிக்ஸ்’ என்ற படகு மூழ்கி 47 சீனப் பயணிகள் இறந்தார்கள். இதில் குற்றம் எப்போதும் படகுக்காரர் மீது மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். “பணம் கொடுத்தாச்சு, நாளைக்கு ஃபிளைட், எப்படியாவது கூட்டிட்டுப் போங்க” என்று நெருக்குகிற பயணிகளை நான் பார்த்திருக்கிறேன். ‘இன்னைக்கு வேண்டாம் சார்’ என்று சொல்லும் ஸ்ராங்கு உங்கள் உயிரைக் காப்பாற்றுகிறவர். அவருடைய அன்றைய வருமானமும் சேர்ந்துதான் போகிறது.

அதனால்தான் ரத்தாகும் பயணத்துக்கான கணக்கை முன்பே பேசிவைக்க வேண்டும். நிர்வாகம் கடலை மூடினாலோ, எஞ்சின் பழுதானாலோ, பேசிய படகுக்குப் பதில் வேறு படகு வந்தாலோ முழுப் பணமும் திரும்ப வேண்டும். உங்களுக்குத் தலைவலி என்று நீங்கள் நின்றுகொண்டால் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பது முறை. ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளைத் தீவுப் பயணத்துக்கு வைக்காதீர்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் உருவான நாட்களில் ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படையும் கடலோரக் காவல்படையும் போய்த்தான் அழைத்துவந்தன.

சில இடங்களுக்குப் பணம் கொடுத்தாலும் போகக் கூடாது. வடக்கு சென்டினல் தீவைச் சுற்றி ஐந்து கடல் மைல், அதாவது சுமார் ஒன்பது கிலோமீட்டர், தடை செய்யப்பட்ட பகுதி. 2018-ல் அங்கே இறங்கிய அமெரிக்க இளைஞர் கொல்லப்பட்டார். பணம் வாங்கிக்கொண்டு அவரைக் கூட்டிப்போன மீனவர்கள் கைதானார்கள். தூரத்திலிருந்து காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் படகையே விட்டுவிடுங்கள். கடற்கரையில் பவளத் துண்டும் பெரிய சங்கும் பொறுக்கிப் பையில் போட்டால் வனவிலங்குச் சட்டத்தில் சிக்க நேரிடும், விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பாதுகாப்புக்காகச் சாட்டிலைட் போன் கொண்டு போகிறேன் என்பவர்களுக்கு: இந்தியாவில் அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம்.

சரி, எல்லாம் பார்த்தும் ஏமாற்றப்பட்டால்?

2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி இருக்கிறது. படகு அந்தமானில் ஓடியது என்பதற்காக நீங்கள் அந்தமானுக்குப் போய் வழக்குப் போட வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். காஞ்சிபுரத்துக்காரர் காஞ்சிபுரத்திலேயே. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம்தான். ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, இணையத்திலேயே பதியலாம். கெடு இரண்டு ஆண்டுகள். அதற்கும் முன்பு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசினால், தமிழிலேயே கேட்டுக்கொண்டு எதிர்த்தரப்பிடம் எடுத்துப்போவார்கள். பாதி ஏஜென்சிகள் அந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பிவிடுகின்றன என்பது என் நண்பர்கள் வட்டத்தில் பார்த்தது. புகாரில் ஏஜென்சி, முன்பதிவு செய்த செயலி, படகு உரிமையாளர் எல்லோரையும் சேர்த்துவிடுங்கள். ‘நாங்கள் வெறும் இடைத்தரகர்’ என்ற வாதத்தை ஆணையம் பார்த்துக்கொள்ளும்.

படகேறும் முன்பு நீட்டுவார்களே ஒரு காகிதம், ‘எது நடந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல’ என்று? அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டிருந்தாலும் இடிந்துபோக வேண்டாம். நியாயமற்ற ஒப்பந்தத்தை எதிர்த்து மாநில ஆணையத்துக்குப் போக அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. குற்ற வழக்கை எந்தக் கையெழுத்தும் தடுக்காது.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 284-வது பிரிவு, உயிருக்கு ஆபத்து உண்டாகும் அளவுக்குப் பாதுகாப்பற்ற அல்லது அளவுமீறி ஏற்றிய படகில் தெரிந்தோ அலட்சியமாகவோ கூலிக்கு ஆள் ஏற்றுவதைக் குற்றம் என்கிறது. விபத்து நடந்திருக்க வேண்டும் என்றுகூட அதில் இல்லை. அதற்குத் தண்டனை என்ன தெரியுமா? ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐந்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஐந்தாயிரம்! கூடுதலாக ஏற்றும் நான்கு பேரிடம் வசூலித்தாலே அந்தப் பணம் வந்துவிடும். உயிர் போனால் 106-வது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. போனபின் கிடைக்கும் நீதி அது. அதிகாரிகளை நம்பி ஏறாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இந்த ஐந்தாயிரம்தான் காரணம். ஊர் திரும்பிய பிறகும் எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம். எல்லை எங்களுடையதில்லை என்று திருப்பியனுப்ப முடியாது.

காப்பீடு எடுத்திருந்தால் அதில் கடல் விளையாட்டுகள் விலக்கப்பட்டிருக்கின்றனவா, மது அருந்தியிருந்தால் என்னாகும் என்ற இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீடு பலருக்கு இருக்கும், மறந்திருப்பார்கள். 18 முதல் 70 வயது வரை உள்ளவர் விபத்தில் இறந்தால் இரண்டு லட்சம். குடும்பத்தில் ஒருவருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும்.

வெளிநாட்டுக் கடலுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு செய்தி. ஒன்று, இரவு தங்கும் படகு. 2019 செப்டம்பர் 2 அதிகாலை கலிஃபோர்னியா கடலில் ‘கன்செப்ஷன்’ என்ற படகு தீப்பிடித்துக் கீழ்த்தளத்தில் உறங்கிய 34 பேர் இறந்தார்கள். இரவு முழுக்க விழித்துச் சுற்றிவர வேண்டிய காவலாள் இல்லை. மாலத்தீவானாலும் சரி, இந்தோனேசியாவானாலும் சரி, படுக்கையறையிலிருந்து வெளியேற இரண்டாவது வழி எது, இரவில் யார் விழித்திருப்பார், போனும் கேமராவும் எங்கே சார்ஜ் ஆகின்றன என்று முதல் நாளே கேளுங்கள். இரண்டு, ஓட்டுநர் இல்லாமல் நாமே ஓட்டும் வாடகைப் படகு. ஆஸ்திரேலியாவின் விட்சண்டே தீவுகளில் உரிமம் இல்லாதவருக்குக்கூடப் பயிற்சி சொல்லிக் கொடுத்துக் கொடுக்கிறார்கள். கீறல் விழுந்தால் முன்பணத்தில் கழிப்பார்கள். ஜெட் ஸ்கீயோ படகோ, எடுக்கும் முன்பு சுற்றிலும் வீடியோ எடுத்துவிடுங்கள். பழைய கீறலைக் காட்டிப் புதிதாகப் பணம் பறிப்பது தாய்லாந்துக் கடற்கரைகளில் பிரசித்தம். அங்கே சுற்றுலாப் போலீஸ் எண் 1155.

நம் கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554. பொது அவசரத்துக்கு 112. படகுக்குக் கிளம்பும் முன்பு, கரையில் இருக்கும் ஒருவருக்குப் படகின் பதிவு எண்ணையும் திரும்பும் நேரத்தையும் அனுப்பிவையுங்கள். பெயர்ப்பலகையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பினாலே போதும். பிறகு, துறையில் நின்றபடி தலைகளை எண்ணுங்கள். குழந்தைகளையும் படகு ஆட்களையும் சேர்த்து எண்ணுங்கள். எழுதியிருப்பதைவிட ஒரு தலை அதிகமிருந்தால் காலைத் தூக்கிப் படகில் வைக்காதீர்கள்.